துணை வந்த இறக்கைகளும் வராத இறக்கைகளும்



கிராஞ்சிப் போர் நினைவிடத்திற்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் நான் முதலில் காட்டுவது அதன் கூரையைத்தான். வரிசையாக நிற்கும் தூண்கள் தரைப்படையையும், மேலே விரிந்த கூரை விமானத்தின் இறக்கையையும், நடுவில் உயரும் கோபுரம் நீர்மூழ்கிக் கப்பலின் மேற்கூண்டையும் குறிக்கின்றன. கல்லறை இன்னதென்று அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. சென்ற முறை இவற்றை நான் விளக்கிக்கொண்டிருந்த வேளையில், செம்பவாங் பக்கமிருந்து மூன்று உலங்கு வானூர்திகள் பேரிரைச்சலோடு வந்தன. (நம் பிள்ளைகள் ஹெலிகாப்டர் என்றே சொல்கிறார்கள், நான் இரண்டையும் சொல்லிக்கொடுப்பது வழக்கம்.) நடுவில் ஒரு சினூக், அதனோடு இரண்டு அப்பாச்சி. தேசிய தின அணிவகுப்புக்கான ஒத்திகை. என் பாடம் அத்தோடு நின்றது.

"ஐயா, கொடியைத் தூக்கிச் செல்வது பெரியது ஒன்றுதானே? கூடவே இரண்டும் எதற்கு?" என்று ஒரு மாணவன் கேட்டான். "அழகுக்குத்தான்" என்றாள் பக்கத்தில் நின்ற சிறுமி. "பாதுகாப்புக்கு" என்று ஒரே சொல்லில் நான் முடித்துவிட்டேன். வீடு திரும்பிய பிறகும் அந்த விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. ஆகவே இக்கட்டுரை.

படைவீரர்களைச் சுமந்து செல்லும் வானூர்தி பறக்கும்போது அவ்வளவாக ஆபத்தில் இல்லை. இறங்கும்போதுதான் அது மாட்டிக்கொள்கிறது. வேகம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் அது காற்றில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வழியை மாற்ற இயலாது; வயிறு நிறைய ஆட்கள். துப்பாக்கி வைத்திருக்கும் எவருக்கும் அது எளிய இலக்கு. ஆதலால் அந்தச் சில நிமிடங்களில் எதிரியின் தலையைத் தரையிலிருந்து எழவிடாமல் செய்ய இன்னொருவர் வேண்டும். துணை வானூர்திகள் பெரும்பாலும் இரண்டிரண்டாகச் செல்வதற்கும் காரணம் உண்டு: ஒன்று சுட்டுவிட்டுத் திரும்பி முதுகைக் காட்டும் வேளையில், மற்றது அதைக் காக்கும்.

இவ்வறிவு ஒரே நாளில் வந்ததன்று. 1953-இல் பிரிட்டிஷ் கடற்படையின் 848-ஆம் விமானப் பிரிவு இதே செம்பவாங்கில் வந்திறங்கி, மலாயாக் காடுகளுக்குள் படைவீரர்களை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. துணை வானூர்தி என்ற எண்ணமே அன்று எழவில்லை. காட்டுக்குள் இருந்தவர்களிடம் வானை நோக்கிச் சுடத்தக்க பெரும் ஆயுதங்கள் இல்லாததால் அது பெரும் குறையாகவும் தோன்றவில்லை. வியட்நாமில் நிலைமை வேறு. 1965 நவம்பர் 14-இல் இயா டிராங் பள்ளத்தாக்கில் அமெரிக்கப் படை இறங்கியபோது, முதலில் பீரங்கிகள் முழங்கின. அவை ஓய்ந்ததும் ஆயுதம் பூட்டிய வானூர்திகள் திடலின் ஓரங்களில் ஏவுகணைகளைப் பொழிந்தன. அதன் பின்னரே வீரர்களைச் சுமந்த ஹியூயிகள் இறங்கின.

இதில் ஒரு வேடிக்கையும் இருந்தது. காவலுக்குச் சென்றவையும் அதே ஹியூயி இனந்தான். துப்பாக்கிகளையும் ஏவுகணைக் கூடுகளையும் வெளிப்புறத்தில் மாட்டியதால் அவை கனத்துப்போய், தாம் காக்க வேண்டியவற்றையே எட்டிப் பிடிக்க இயலாமல் பின்தங்கின! இக்குறையைத் தீர்க்கப் பிறந்ததுதான் கோப்ரா. ஹியூயியின் இயந்திரத்தையும் சுழல் இறக்கையையும் எடுத்துக்கொண்டு, உடலை மட்டும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்திற்கு ஒடுக்கி, இருவரை ஒருவர் பின் ஒருவராக அமர்த்தினார்கள். 1967-இல் அது வியட்நாம் போர்க்களத்திற்கு வந்தது. கிராஞ்சி வானில் நாம் கண்ட அப்பாச்சி அதே மரபில் வந்தது. ஆயினும் பழைய சிக்கல் முற்றிலும் ஒழியவில்லை. முழு வேகத்தில் சென்றால் சினூக் அப்பாச்சியை முந்திவிடும். கொடி தொங்குவதால்தான் தேசிய தினத்தன்று மூன்றும் நிதானமாக வருகின்றன.

தமிழராகிய நமக்கு இப்பாடம் தொலைதூரத்துச் செய்தியன்று. 1987-இல் யாழ்ப்பாண வானில், நான்கு மாத இடைவெளியில், இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன.

முதலாவது பூமாலை. ஜூன் 3-இல் நிவாரணப் பொருள்களோடு சென்ற இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் மாலை பெங்களூரிலிருந்து ஐந்து ஆன்டனோவ்-32 சரக்கு விமானங்கள் புறப்பட்டன. மிராஜ்-2000 போர் விமானங்கள் அவற்றுக்குக் காவலாகச் சென்றன. தடுத்தால் அவை திருப்பித் தாக்கும் என்று புது தில்லியில் இலங்கைத் தூதரிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. ஏறத்தாழ 25 டன் பொருள்கள் வானிலிருந்து இறங்கின. அங்கே காவல் என்பது சுடுவதற்காக மட்டும் போகவில்லை. சுட நேரக்கூடாது என்பதற்காகவும் போயிற்று.

இரண்டாவது, அக்டோபர் 11 இரவு. ஜூலை 29 உடன்படிக்கையின்படி அமைதி காக்க வந்த இந்தியப் படை, இப்போது புலிகளோடு போரில் இறங்கியிருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தருகே இருந்த புலிகளின் தலைமையிடத்தைத் திடீரெனப் பிடிப்பது திட்டம். பலாலியிலிருந்து மி-8 வானூர்திகள் சிறிது சிறிதாக வீரர்களைக் கொண்டுபோய் விளையாட்டுத் திடலில் இறக்க வேண்டும். வானொலி உரையாடலை ஒட்டுக்கேட்டதால் புலிகள் காத்திருந்தார்கள் என்று பின்னர் பலரும் எழுதியுள்ளனர். இந்திய விமானப்படையிடம் 1984 முதலே மி-25 தாக்குதல் வானூர்திகள் இருந்தன. ஆயினும் அந்த இரவில் மி-8களுக்குத் துணையாக அவை இல்லை.

சிறப்புப் படையினர் 103 பேர் எப்படியோ இறங்கிவிட்டனர். அவர்களுக்குப் பின்னால் சீக்கிய இலகு காலாட்படையின் 360 பேர் இறங்க வேண்டும். இறங்கியது 30 பேர். அதற்குள் வானூர்திகள் குண்டடிபட்டுச் சேதமுற்றதால் எஞ்சிய பயணங்கள் கைவிடப்பட்டன. அந்த 30 பேரில் 29 பேர் மாண்டனர், ஒருவர் சிறைப்பட்டார். சிறப்புப் படையினரை மீட்கப் பீரங்கி வண்டிகள் இருப்புப்பாதை வழியாக வரவேண்டியதாயிற்று.

பிறகு மி-25 இலங்கைக்கு வந்தது. அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் வரலாறு பாதியாகிவிடும். அந்த மாதங்களில் வானிலிருந்து சுட்ட குண்டுகளில் யாழ்ப்பாணத்துப் பொதுமக்களும் மாண்டார்கள். மேலே பறப்பவனுக்குக் காவலாகத் தெரிவது, கீழே வீட்டுக் கூரையின்கீழ் இருப்பவனுக்கு அப்படித் தெரிவதில்லை. நம் வகுப்புகளில் யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் இதை ஒதுக்கிவிட்டுப் பேச என்னால் இயலாது.

அடுத்த வாரம் இவற்றில் சிலவற்றை அம்மாணவனிடம் கூறினேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அன்று இரண்டு அப்பாச்சி கூடப் போயிருந்தால் அந்த முப்பது பேரும் பிழைத்திருப்பார்களா, ஐயா?" என்றான்.

உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். அது இருட்டு, இரகசியம் முன்பே கசிந்துவிட்டது, சுற்றிலும் வீடுகள். துணை சென்றவர்கள் எங்கே சுடுவார்கள்? ஆனால் அடுத்த மி-8 இறங்கும் அளவுக்காவது திடலின் ஓரம் அடங்கியிருக்கக்கூடும், அந்த முப்பது பேரும் தனித்து விடப்பட்டிருக்க மாட்டார்கள் என்றேன். அவன் தன் குறிப்பேட்டில் 360 என்றும், அதன் கீழே 30 என்றும் எழுதிக்கொண்டான்.