அம்மாவின் சைக்கிளும் 250 வாட்டும்

பழைய ஜென்ட்ஸ் சைக்கிளின் முன் ரிம்மில் 32 துளைகள் இருக்கும். பின் ரிம்மில் 40. நான் பெங்களூரிலிருந்து சுமந்துகொண்டு வந்த ஹப் மோட்டாரில் 36. விராலிமலையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் மூன்றையும் நிதானமாக எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முன்னாடியும் சேராது, பின்னாடியும் சேராது தம்பி. இதை எதுல கோக்குறது?"

அது அம்மாவின் சைக்கிள். அம்மாவுக்கு வயது அறுபதைத் தொடுகிறது, முழங்கால் தேய்ந்துவிட்டது. ஸ்கூட்டி வாங்கித் தருகிறேன் என்றால், "லைசென்ஸுக்கு யாருடா அலையறது" என்கிறாள். சரி, ஓட்டத் தெரிந்த வண்டியிலேயே மோட்டாரை மாட்டிவிடலாம் என்று நானாக முடிவு செய்தேன். அவளிடம் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை ஒருவகையில் அந்தக் 'கேட்கவில்லை'யைப் பற்றியது.

*

சைக்கிளில் மின்மோட்டார் மாட்டுவது யூட்யூப் காலத்து ஆசை என்றுதான் நினைத்திருந்தேன். தேடிப் படித்தபோது, காருக்கும் முந்தைய ஆசை அது என்று தெரிந்தது. கார்ல் பென்ஸ் தன் பெட்ரோல் வண்டிக்குக் காப்புரிமை கேட்டது 1886இல். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1881 ஏப்ரலில், குஸ்தாவ் த்ரூவே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் தெருவில் மின்சார மூன்று சக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டிவிட்டார். வண்டியை அவர் புதிதாகச் செய்யவில்லை. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி செய்த மிதிவண்டியை எடுத்து, சீமென்ஸ் மோட்டாரை மேம்படுத்தி மாட்டி, சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரியைக் கட்டினார். அதாவது, சாலையில் ஓடிய ஆரம்பகால மின்வண்டியே ஒரு 'கிட்'தான்.

அடுத்த வருடம் லண்டனில் அயர்ட்டனும் பெர்ரியும் அதேபோல ஒரு மின்சார மூன்று சக்கர வண்டி செய்தார்கள். இந்த அயர்ட்டன் அதற்கு முன் இந்தியத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். 1895 கடைசி நாளில் அமெரிக்காவின் ஓக்டன் போல்டன், பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டாரை வைக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். என் கையில் இருந்த ஹப் மோட்டாரின் பாட்டன் அது.

பிறகு ஏன் நூறு வருடம் எதுவும் நடக்கவில்லை? பேட்டரியின் கனம்தான் முக்கியக் காரணம். என் கிட்டில் வந்தது 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி, அதாவது 360 வாட்-மணி. நம் மின்சார பில் கணக்கில் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். லித்தியத்தில் இது இரண்டு, இரண்டரை கிலோவில் முடிந்துவிடும். ஈய-அமில பேட்டரியில் இன்றைக்கும் பத்து கிலோ தாண்டும். பத்து கிலோவைக் கூடுதலாக மிதிக்க யாருக்கு மனசு வரும்? அந்த இடைவெளியில் பெட்ரோல் புகுந்துகொண்டது.

புகுந்த கதைகளில் பிரபலமானது ஹோண்டாவுடையது. 1946, போரில் தோற்ற ஜப்பான். ராணுவத்தின் ரேடியோக்களுக்கு மின்சாரம் கொடுத்த சின்ன எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்தன. சோய்ச்சிரோ ஹோண்டா அவற்றை சைக்கிளில் மாட்டினார். மனைவி சாச்சி உணவுப்பொருள் வாங்க வெகுதூரம் சைக்கிள் மிதிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் செய்தேன் என்று பின்னாளில் சொன்னார். சாச்சியின் நினைவு கொஞ்சம் வேறு. அதெல்லாம் அவர் பிறகு சேர்த்துக்கொண்ட கதை, ஒரு பெண்ணால் இதை ஓட்ட முடியுமா என்று சோதிக்கத்தான் என்னை ஏற்றிவிட்டார் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். ஊரே பார்க்கும் தெருவில் ஓட்ட வேண்டும் என்பதால், இருந்ததில் நல்ல உடையைப் போட்டுக்கொண்டு போனாராம்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. மாட்டுகிறவன் ஆண். ஓட்டிக் காட்ட வேண்டியது பெண். கருணை என்று நாம் சொல்லிக்கொள்வது, சோதனை என்று அவர்கள் நினைவில் இருக்கிறது.

*

புதுக்கோட்டை மாவட்டத்தின் சைக்கிள் வரலாறு இதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடியது. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. கையெழுத்து, வாசிப்பு, கணக்கு. கூடவே, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், சைக்கிள். பாடம் நடத்தப் போகும் பெண் தொண்டர்களுக்கு ஊர் விட்டு ஊர் போக வழி வேண்டும் என்பது நடைமுறைக் காரணம். ஆனால் விஷயம் அந்தக் காரணத்தைத் தாண்டிப் போனது. சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைத்தது. 1992இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவெளியில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்' நூலில் பி. சாய்நாத் எழுதிய பக்கங்களால் இது உலகத்துக்குத் தெரிந்தது.

அந்தப் பக்கங்களில் எனக்குப் பிடித்தது ஒரு சின்னத் தகவல். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பலர் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினார்கள். அதையே விரும்பிக் கேட்டவர்களும் இருந்தார்கள். ஏனென்றால் அதில் பார் இருக்கிறது, பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்.

அப்படி உட்கார்ந்த குழந்தைகளில் நான் ஒருவன். அம்மா அறிவொளித் தொண்டர். சாயங்காலம் பக்கத்து ஊருக்கு வகுப்பெடுக்கப் போகும்போது என்னையும் பாரில் ஏற்றிக்கொள்வாள். பாரில் சுற்றியிருந்த துண்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தெருவில் என்னென்ன பேசினார்கள் என்பது அவளுக்குத்தான் ஞாபகம். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், கொண்டுபோய் விடச் சொல்லி அப்பாவிடமோ மாமாவிடமோ நிற்க வேண்டாம். அந்த சைக்கிளின் முழு அர்த்தமும் அதுதான்.

மோட்டாரும் பின்னாலேயே வந்தது. புதுக்கோட்டையில் நடந்ததைப் பார்த்து யுனிசெஃப் அறிவொளிப் பெண் தொண்டர்களுக்காக 50 மொபெட்டுகள் ஒதுக்கியது. 'மொபெட்' என்ற சொல்லே மோட்டார், பெடல் இரண்டையும் ஒட்டிய சொல். 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50இலும் பெடல் இருந்தது. பின்னால் வந்த வண்டிகளில் பெடல் காணாமல் போய், பெட்ரோல், லைசென்ஸ், ஆர்சி புக், இன்ஷூரன்ஸ் மட்டும் மிஞ்சின. 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் என்று அரசு ஸ்கூட்டர் திட்டம் கொண்டுவந்தது. அதற்கும் லைசென்ஸ் வேண்டும். வேகம் கூடக் கூட, அந்த வேகத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர்களும் கூடினார்கள்.

மின்சார கிட்டின் முக்கியத்துவம் எனக்கு இங்கேதான் புரிந்தது. மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகள் அதை மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. லைசென்ஸ் இல்லை, பதிவு இல்லை. சட்டத்தின் கண்ணில் அது இன்னும் சைக்கிள்தான். லித்தியம்-அயான் பேட்டரியை சோனி முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் 1991தான். அறிவொளி இங்கே தொடங்கிய அதே வருடம். அந்த பேட்டரி அம்மாவின் சைக்கிளுக்கு வந்து சேர முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

*

திரும்ப அந்த 36 துளைக்கு வருவோம். கடைக்கார அண்ணன் 36 துளை ரிம் ஒன்றைத் தேடிப்பிடித்து, போக்ஸ் கம்பி கோத்து, கோட்டம் எடுத்துக் கொடுத்தார். புது ரிம்மில் பழைய கம்பி பிரேக் பிடிக்காது என்பதால் முன்பக்கம் கேபிள் பிரேக் போட்டோம். மோட்டாரின் அச்சு நுழைய ஃபோர்க்கின் வாயை அரத்தால் ராவி அகலப்படுத்தினோம். தப்பு அங்கேதான் நடந்தது, அது என் தப்பு.

மோட்டார் சக்கரத்தை முன்னால் சுற்றும்போது, அதே விசையோடு தன் அச்சைப் பின்னால் சுற்றப் பார்க்கும். மேட்டில் கிளம்பும்போது 30 நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசை என்று வைத்துக்கொண்டால், அச்சின் தட்டை முகம் 10 மில்லிமீட்டர்தான். ஃபோர்க்கின் வாயில் விழும் விசை சுமார் 300 கிலோ எடைக்குச் சமம். ராவி மெலிந்த இரும்பு அதை எப்படித் தாங்கும்? அச்சைப் பிடித்துக்கொள்ள 'டார்க் ஆர்ம்' என்று ஒரு தகடு போட வேண்டும். இன்ஜினியரிங் படித்தவன்தான் நான். "அடுத்த தடவை வரும்போது போட்டுக்கலாம்" என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது நாள் கடைத்தெருவிலிருந்து திரும்பும் மேட்டில் அச்சு நழுவிச் சுற்றி, ஒயரை முறுக்கி அறுத்தது. சக்கரம் கழன்று வராதது அதிர்ஷ்டம். செய்தி கேட்டு நான் பதறிக்கொண்டு போன் போட்டேன். அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "அது நின்னுபோச்சு. நான் மிதிச்சு வந்துட்டேன்."

பிறகு கொஞ்சம் கோபமாக: "மாட்டுறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டியா? நான் மேட்டுக்கு மட்டும்தான்டா கேட்டிருப்பேன்."

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறைகள் நிறைந்த ஊரில் ஒரு தகடு வெட்டுவது பெரிய காரியமா? 6 மில்லிமீட்டர் இரும்பில் இரண்டு பக்கமும் டார்க் ஆர்ம் போட்டு இறுக்கினோம். ஃபோர்க்கையும் புதிதாக மாற்றினோம். இந்த முறை அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்த ஒயர் எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கைப்பிடியில் இருந்த த்ராட்டிலைக் கழற்றச் சொன்னாள். அதற்குப் பதில் ஒரே ஒரு சுவிட்ச். சமதரையில் அணைத்துவிட்டு மிதிக்கிறாள், மேடு வந்தால் போடுகிறாள். பேட்டரி தீர்ந்தாலும் வண்டி நிற்பதில்லை.

எதிர்வீட்டு அத்தை தனக்கும் இதுபோல ஒன்று மாட்டித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார். அவருக்கு சைக்கிளே தெரியாது. "மொதல்ல மிதிக்கக் கத்துக்க, மோட்டாரு அப்புறம்" என்று சொல்லிவிட்டாளாம் அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி மைதானத்தில் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடவும் ஆள் ஏற்பாடு செய்திருக்கிறாள்.