சென்னையில் பழைய கார்களின் சைலன்சர் பழுதுபார்ப்பு

சென்னையில் பழைய கார்களின் சைலன்சர் பழுதுபார்ப்பு நகரின் மோட்டார் வரலாற்றுடன் சேர்ந்து வளர்ந்த கைத்தொழில்களில் ஒன்று. வெளிநாட்டு உதிரிபாகங்கள் கிடைக்காத காலத்தில், துருப்பிடித்த புகைக்குழாயையும் சைலன்சரையும் இரும்புத் தகட்டிலிருந்து புதிதாகச் செய்து பொருத்தும் வழக்கம் இங்கு நிலைபெற்றது. எம்.ஜி. போன்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களும், சென்னையை அடுத்து தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இன்றும் சாலையில் ஓடுவதற்கு இத்தொழில் ஒரு முக்கியக் காரணம்.

தொடக்க காலம்

சென்னையில் முதன்முதலில் கார் ஓட்டியவராக பாரி நிறுவனத்தின் இயக்குநர் ஏ.ஜே. யார்க் குறிப்பிடப்படுகிறார். அவர் அடையாற்றில் இருந்த தன் இல்லத்திலிருந்து கடற்கரை அலுவலகத்துக்குக் காரில் சென்றார். சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் கார் எம்.சி. 1 என்ற பதிவு எண்ணைப் பெற்றது. 1840-ல் தொடங்கப்பட்ட சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டிகள் கட்டிவந்தது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். மவுண்ட் ரோடு கார் வணிகத்தின் மையமாக ஆனது.

தொடக்ககாலக் கார்கள் சிலவற்றில் சைலன்சரைத் தவிர்த்துப் புகையை நேராக வெளியேற்றும் அடைப்பு ஒன்று இருந்தது. மேடு ஏறும்போது ஓட்டுநர் அதைத் திறந்துவிடுவார். எஞ்சினின் வலு சற்றுக் கூடும், சத்தமும் பெருகும். வாகனங்கள் பெருகிய பின் இவ்வமைப்பு வழக்கொழிந்தது. சைலன்சர் காரின் கட்டாய உறுப்பானது.

இறக்குமதித் தடையும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும்

ஃபோர்டு நிறுவனம் 1926-ல் இந்தியாவுக்கு வந்து, சென்னை உட்பட மூன்று நகரங்களில் கார்களை ஒருங்கிணைத்து விற்றது. 1953-ல் மத்திய அரசு, உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களை மட்டுமே அனுமதிப்பது என்று முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. அதன் பின் இந்தியர்கள் வாங்கக்கூடிய கார்கள் பெரும்பாலும் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்றாகச் சுருங்கின.

ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948-ல் தொடங்கப்பட்டது. வண்டலூர் அருகே அதன் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த ட்ரயம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் இங்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. அதன் உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிகெலோட்டி. 948 சி.சி. எஞ்சின் கொண்ட இக்காருக்குத் தனிச் சட்டகம் உண்டு. பானட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். ஆகவே எஞ்சினையும், அதிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டையும் எளிதில் அணுக முடிந்தது. இதே சட்டகத்தைக் குறுக்கித்தான் 1962-ல் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. இந்தியாவில் ஸ்பிட்ஃபயர் தயாராகவில்லை. ஆனால் அதன் நெருங்கிய உறவான ஹெரால்டைச் சென்னை மெக்கானிக்குகள் நன்கு அறிந்திருந்தார்கள்.

1945 முதல் 1949 வரை தயாரான எம்.ஜி. டி.சி., அதைத் தொடர்ந்து வந்த டி.டி. போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு நிலைமை கடினமாக இருந்தது. இவற்றின் உதிரிபாகங்களை இறக்குமதி செய்வது எளிதல்ல. உரிமையாளர் முன் இரண்டு வழிகளே இருந்தன: காரை ஓரங்கட்டுவது அல்லது பாகத்தை உள்ளூரிலேயே செய்துகொள்வது.

சைலன்சர் கெடும் காரணங்கள்

பழைய காரில் விரைவில் அழியும் பாகங்களுள் சைலன்சரும் ஒன்று. 1 லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய 1 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. நீண்ட தூரம் ஓடினால் குழாய் முழுதும் சூடேறி ஆவி வெளியேறிவிடும். மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர் வரை மட்டும் சென்று திரும்பும் காரில் சைலன்சர் முழுமையாகச் சூடாவதில்லை. ஆவி உள்ளேயே குளிர்ந்து தேங்குகிறது. பெட்ரோலில் உள்ள கந்தகம் அத்தண்ணீரை அமிலமாக்குகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் விற்கப்பட்ட காலத்தில் அதனுடன் சேர்க்கப்பட்ட குளோரின், புரோமின் சேர்மங்களும் அரிப்பை விரைவுபடுத்தின. இதனால் சைலன்சர் உள்ளிருந்து வெளிப்புறமாகத் துருப்பிடிக்கிறது. வெளியே வண்ணம் அடிப்பதால் இதைத் தடுக்க முடியாது.

அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று வெளிப்புறத்தையும் அரிக்கிறது. வீட்டில் மாதக்கணக்கில் நிற்கும் கார், தினமும் ஓடும் காரைவிட விரைவில் சைலன்சரை இழப்பதும் உண்டு.

பழுதின் அறிகுறிகளும் ஆபத்தும்

துளை விழுந்ததும் எஞ்சின் சத்தம் கரகரப்பாக மாறும். உள்தடுப்புத் தகடு கழன்றால் சைலன்சர் கிலுகிலுக்கும். மேனிஃபோல்ட் பேக்கிங் கிழிந்தால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்கும். சூடேறி உலோகம் விரிந்ததும் அது குறையும்.

சத்தத்தைவிட ஆபத்தானது கார்பன் மோனாக்சைடு. இந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. பழைய காரின் தரைத்தகட்டிலும் துளைகள் இருந்தால், கசியும் புகை உள்ளே வந்துவிடும். தலைவலியும் மயக்கமும் முதல் அறிகுறிகள். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுவது உயிரைப் பறிக்கக்கூடும். சைலன்சர் ஓட்டையை வெறும் சத்தத் தொல்லையாகக் கருதுவது இதனால் தவறு.

பட்டறை முறை

புதுப்பேட்டையில் கழித்துக் கட்டப்பட்ட வாகனங்களின் பாகங்கள் கிடைத்தன. மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய உதிரிபாகக் கடைகள் இருந்தன. இவ்விரண்டிலும் கிடைக்காததை டிங்கரும் வெல்டரும் லேத் பட்டறையும் சேர்ந்து செய்தார்கள்.

பழைய சைலன்சரைக் கழற்றுவதே முதல் சிக்கல். பல ஆண்டு வெப்பத்தில் நட்டுகள் ஸ்டட்டோடு இறுகியிருக்கும். வலிந்து திருகினால் ஸ்டட் மேனிஃபோல்டிலேயே முறிந்துவிடும். எண்ணெய் விட்டு ஊறவைத்து, நட்டை மட்டும் சூடாக்கி மெல்லத் தளர்த்துவது வழக்கம். மீண்டும் பூட்டும்போது பித்தளை நட்டு பயன்படுத்தினால் அது துருவால் இறுகாது.

மாதிரிக்கு வேறு சைலன்சர் இல்லாதபோது பழையதையே அறுத்துத் திறக்க வேண்டும். உள்ளே எத்தனை அறைகள், தடுப்புகளின் இடைவெளி எவ்வளவு, துளைகளின் அளவு என்ன என்று குறித்துக்கொண்டு தகட்டை வெட்ட வேண்டும். துளைகள் சிறுத்தால் புகை தேங்கி எஞ்சின் வலு இழந்து சூடேறும். பெரிதானால் சத்தம் அடங்காது. குழாயை வெறுமனே வளைத்தால் வளைவில் நசுங்கிவிடும். உலர்ந்த மணலை இறுக நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து, சூடேற்றி வளைத்தால் உள்விட்டம் மாறாது. மணலில் ஈரம் இருந்தால் நீராவி குழாயை வெடிக்கச் செய்யும்.

விரிசல் விட்ட வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை ஒட்டுவது மிகக் கடினமான வேலை. சாதாரண வெல்டிங் செய்தால் பக்கத்திலேயே புதிய விரிசல் விழும். முழுப் பாகத்தையும் சீராகச் சூடாக்கி, நிக்கல் கம்பியால் பற்றவைத்து, மெதுவாகக் குளிரவிட வேண்டும். பின்னர் லேத் பட்டறையில் அதன் முகப்பைச் சமன் செய்ய வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். காரில் வைத்தே வெல்டிங் செய்வதானால் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், பெட்ரோல் டேங்கைப் பாதுகாப்பதும் அவசியம்.

சோழவரம்

சென்னையின் மோட்டார் பந்தயங்கள் இத்தொழிலுக்கு மற்றொரு முகம் தந்தன. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்களை நடத்தியது. பந்தயக் காருக்குத் தேவை வேறு. அங்கு சத்தத்தைக் குறைப்பதைவிட ஒவ்வொரு சிலிண்டரின் புகையும் தடையின்றி வெளியேறுவதே முக்கியம். குழாய்களின் நீளத்தைச் சமமாக்கி இணைக்கும் முறை இதற்காகக் கையாளப்பட்டது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளம் திறக்கப்பட்டதும் சோழவரத்தின் காலம் முடிந்தது.

சட்டங்கள்

ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கார் உற்பத்தி 1988-ல் நின்றது. அடுத்த ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒவ்வொரு வாகனத்திலும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்று 120-ஆவது விதி கூறுகிறது. பழைய நான்கு சக்கரப் பெட்ரோல் வாகனங்களின் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. குழாயில் கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவு குறைவாகக் காட்டும். ஆகவே புகைச் சோதனைக்கு முன் கசிவைச் சரிசெய்தாக வேண்டும்.

1995 ஏப்ரல் முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. ஈயம் அதன் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் அப்போது அறிமுகமானது. பிளாட்டினம் போன்ற உலோகங்கள் பூசிய இவ்வுறுப்பைத் தகடு வெட்டிச் செய்ய இயலாது. தகட்டுப் பட்டறையின் எல்லை இங்கு வகுக்கப்பட்டது. அதற்கு முந்தைய கார்களே அதன் களமாக எஞ்சின.

2015 வெள்ளம்

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு ஆறு கரைபுரண்டபோது அதன் கரையோரப் பகுதிகளில் கார்கள் மூழ்கின. நின்ற காரின் வால்குழாய் வழியே நுழையும் நீர் சைலன்சரை நிரப்பி, திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டர் வரை செல்லக்கூடும். அந்நிலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் உள்ளே உடையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆயிலை மாற்றி, சைலன்சரைத் தனியே எடுத்துச் சேற்றைக் கழுவிய பிறகே எஞ்சினைச் சுழற்ற வேண்டும். மின்னணுக் கருவிகள் இல்லாத பழைய கார்களை இவ்வழியில் மீட்பது ஒப்பீட்டளவில் எளிது.

இன்றைய நிலை

2021-ல் மத்திய அரசு 50 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களை ‘விண்டேஜ்’ என வகைப்படுத்தித் தனிப் பதிவு வரிசையை அறிவித்தது. இதனால் மூல வடிவத்தைப் பேணுவதற்குச் சட்ட மதிப்பும் கிடைத்தது. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் பழைய கார்களின் அணிவகுப்புகளை நடத்துகிறது. வடபழனியில் 2023-ல் திறக்கப்பட்ட ஏ.வி.எம். ஹெரிடேஜ் மியூசியத்தில் பழைய கார்கள் காட்சிப்படுத்தப்பட்டுள்ளன.

ஸ்பிட்ஃபயர், எம்.ஜி. கார்களுக்கான துருப்பிடிக்காத எஃகுச் சைலன்சர்களை இன்று இங்கிலாந்திலிருந்து வரவழைக்க முடியும். ஆர்கான் வெல்டிங் வந்தபின் எஃகுக் குழாய்களை உள்ளூரிலும் செய்ய முடிகிறது. மணல் அடைத்துக் குழாய் வளைப்பதும், பழைய சைலன்சரை அறுத்துப் பார்த்து அளவெடுப்பதும் எழுதி வைக்கப்படாத அறிவு. பட்டறையில் மூத்தவரிடமிருந்து இளையவர் பார்த்துக் கற்றது. ஹெரால்டைத் தயாரித்த தொழிற்சாலை மூடப்பட்ட பின்னும் அக்கார்கள் ஓடிக்கொண்டிருப்பது அந்த அறிவினால்தான். கற்க வருவோர் இல்லாவிட்டால், கார் இருந்தும் அதை ஓட்ட முடியாத நிலை ஏற்படும்.