‘லாக் இன்’ – கடலில் வீசிய கட்டை



மின் கட்டணம் கட்டவோ, வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவோ கைப்பேசியைத் திறந்தால், அது நம்மிடம் முதலில் கேட்பது ‘லாக் இன்’ செய்யுங்கள் என்பதைத்தான். ஆங்கிலம் படிக்காத பாட்டிகூட இன்று, “லாக் இன் ஆகலப்பா, வந்து பாரு” என்று பேரனைக் கூப்பிடுகிறார்.

பூட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் நாம் ‘லாக்’ என்றே சொல்வதால், பூட்டைத் திறந்து உள்ளே போவதுதான் ‘லாக் இன்’ என்று பலர் எண்ணுகிறோம். அது சரியல்ல. இந்த ‘லாக்’ வேறு சொல். அதற்கு மரக்கட்டை என்று பொருள்.

மரக்கட்டைக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு? அதை அறிய நாம் கடலுக்குப் போகவேண்டும். செயற்கைக்கோள் இல்லாத காலத்தில், நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று அறிவது பெரும்பாடு. எந்தத் திசையில், என்ன வேகத்தில், எத்தனை மணிநேரம் வந்தோம் என்று கணக்கிட்டே மாலுமிகள் தம் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். வேகத்தை அளக்க, கயிற்றில் கட்டிய மரக்கட்டையைக் கப்பலின் பின்புறத்திலிருந்து கடலில் வீசினார்கள். 1574-ஆம் ஆண்டிலேயே வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் தம் கடற்பயண நூலில் இதை விளக்கியிருக்கிறார்.

கட்டை நீரில் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். கப்பல் முன்னேற, கயிறு ஓடும். பிற்காலத்தில் அந்தக் கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டார்கள். 28 வினாடி ஓடும் மணற்கடிகை வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடந்ததோ, கப்பல் மணிக்கு அத்தனை கடல் மைல் போகிறது என்று பொருள். இன்றும் கப்பலின் வேகத்தை ‘நாட்’ என்றே சொல்கிறார்கள். ‘நாட்’ என்றால் முடிச்சு.

இப்படி அளந்ததை உடனுக்குடன் ஒரு பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி, பிறகு ஏட்டில் பதிந்தார்கள். அந்த ஏட்டுக்கு ‘லாக் புக்’ என்று பெயர் வந்தது. நாளடைவில் பதிவு செய்வதே ‘லாக்’ ஆயிற்று.

நேயர்களே, அந்தப் பதிவு வெறும் சடங்கு அல்ல. அது உயிர் காக்கும் கணக்கு. 1707-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த கடற்படைக் கப்பல்கள், தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, சிலித் தீவுகளின் பாறைகளில் இரவில் மோதின. நான்கு கப்பல்கள் மூழ்கின. தளபதி கிளவுட்ஸ்லி ஷவல் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கணக்கில் ஏறும் பிழை ஒவ்வொன்றும் சிறியதாக இருக்கலாம். அவை சேரும்போது, பாறை இருக்கும் இடத்தைத் திறந்த கடல் என்று நம்பவைக்கின்றன.

கணினிக்கு இந்தச் சொல் வந்தது 1960-களில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தினார்கள். யார் வந்தார், எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று பதியவேண்டியிருந்தது. எனவே ‘லாக் இன்’, அதாவது வருகையைப் பதிவு செய்தல், வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல்லும் தரப்பட்டது. ஆனால் 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்குக் கொடுத்த நேரம் போதாமல், எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்து, பிறர் பெயரில் நுழைந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் அவரே அதை ஒப்புக்கொண்டார்.

பிறர் பெயரில் நுழைந்தால் கதவு திறக்கும். பதிவு மட்டும் பொய்யாகிவிடும். மாலுமி தன் ஏட்டில் பொய் எழுதினால் ஏமாறுவது கடல் அல்ல, அவனும் அவனோடு பயணம் செய்பவர்களும்தான். நம் வீட்டிலும் அப்படியே. மனைவியிடம் மறைத்த கடன், பிள்ளைகள் முன் அடக்காத கோபம், “நாளைக்குப் பார்க்கிறேன்” என்று தள்ளிப்போட்ட மருத்துவப் பரிசோதனை ஆகியவை நாம் எழுதாமல் விட்ட வரிகள்.

இன்றிரவு கைப்பேசியை அணைத்துவைத்தபின் இரண்டு நிமிடம் ஒதுக்குவோம். இன்று எத்திசையில் போனோம், எவ்வளவு விலகினோம் என்று நம் மனச்சான்றின் ஏட்டில் உள்ளது உள்ளபடி பதிவோம். விலகியது தெரிந்தால்தானே திருப்ப முடியும்?