கண்ணுக்குத் தெரியாத அகழி

நல்ல அரசனின் ஆட்சியைப் புகழ நம்மூரில் ஒரு தயார்நிலை வாக்கியம் உண்டு: புலியும் மானும் ஒரே துறையில் தண்ணீர் குடித்தன. ஐரோப்பாவில் இதே ஆசைக்கு பைபிளின் ஏசாயா புத்தகம் இருந்தது. ஓநாயும் ஆட்டுக்குட்டியும் அங்கே சேர்ந்து வாழும். இந்த ஆசையை டிக்கெட் போட்டு விற்ற ஒருவரின் கதையிலிருந்து தொடங்கலாம்.

1907 மே 7. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரை ஒட்டிய ஸ்டெல்லிங்கனில் கார்ல் ஹாகன்பெக் தன் விலங்குப் பூங்காவைத் திறந்தார். பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் முன்னால் ஒரு குளம், அதில் பூநாரைகள். அதற்குப் பின்னால் புல்வெளியில் வரிக்குதிரையும் தீக்கோழியும். இன்னும் பின்னால் பாறை இடுக்கில் சிங்கங்கள். எல்லாவற்றுக்கும் மேலே மலையில் காட்டாடுகள். நடுவில் ஒரு கம்பிகூட இல்லை. மொத்த ஆப்பிரிக்காவும் ஒரே சட்டகத்துக்குள்!

அதுவரை ஜூ என்றால் கூண்டு வரிசைதான். ஒரு கூண்டில் சிங்கம், அடுத்ததில் புலி, அதற்கடுத்து சிறுத்தை. தபால்தலை ஆல்பம் மாதிரி. கலந்து வைப்பது தெருவோர வித்தையாக மட்டும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில், வாட்டர்லூ பாலத்தருகே, பூனை, எலி, ஆந்தை, புறா எல்லாவற்றையும் ஒரே கூண்டில் வைத்து ‘மகிழ்ச்சியான குடும்பம்’ என்று காட்டிப் பிழைத்தவர்கள் உண்டு. ஹென்றி மேஹ்யூ லண்டன் ஏழைகளைப் பற்றி எழுதிய பெரிய நூலில் அவர்களும் வருகிறார்கள். நியூயார்க்கில் பார்னமும் தன் மியூசியத்தில் அப்படி ஒரு கூண்டு வைத்திருந்தார்.

ஹாகன்பெக்கின் தந்தை மீன் வியாபாரி. 1848-இல் மீனவர்களின் வலையில் சிக்கிய சீல்களைத் தொட்டியில் போட்டு, காசு வாங்கிக் காட்டினார். அங்கிருந்து தொடங்கி, மகன் காலத்தில் உலகத்திலேயே பெரிய விலங்கு வியாபாரமாகிவிட்டது. ஆளு சாதாரணமானவர் இல்லை. 1896-இலேயே இந்தப் பனோரமா யோசனைக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார்.

சரி, சிங்கம் ஏன் வரிக்குதிரையைத் தின்னவில்லை? ஏனென்றால் அவை சேர்ந்தே இருக்கவில்லை. ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் அகழி இருந்தது. தரையை அடுக்கடுக்காக உயர்த்தி, அந்த அகழிகள் பார்வையாளர் கண்ணில் படாதபடி செதுக்கியிருந்தார்கள். சுவிஸ் சிற்பி உர்ஸ் எக்கென்ஷ்வைலர் செயற்கைப் பாறைகளை உருவாக்கினார். பெரும்பூனைகள் எவ்வளவு உயரம் தாவும் என்று அறிய, பஞ்சடைத்த புறாவை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்ததாக ஹாகன்பெக் தன் நினைவுக்குறிப்பில் சொல்கிறார். இரும்புக்கம்பிக்குப் பின்னால் கிடந்த சிங்கத்துக்குத் திறந்த வானம் கிடைத்ததே, அது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த அமைதி, பார்வையாளர் நிற்கும் மேடையிலிருந்து மட்டுமே தெரிந்த அமைதி. காற்று திரும்பும்போது வரிக்குதிரைக்கு என்ன தெரிந்திருக்கும்?

இந்தக் கேள்வி விலங்கோடு நிற்கவில்லை. ஒரு நிலத்தை மொத்தமாக ஒரே காட்சியாக்குவதை ஹாகன்பெக் முதலில் பழகியது மனிதர்களை வைத்துத்தான். 1870களின் நடுவில் வட ஐரோப்பாவின் சாமி இனக் குடும்பங்களை ரெயின்டீர்களோடும் கூடாரங்களோடும் கொண்டுவந்து காட்டினார். 1880களில் இலங்கையிலிருந்து ஆட்களும் யானைகளும் போனார்கள். 1880-இல் கனடாவின் லாப்ரடாரிலிருந்து எட்டு இனுயிட்கள். அவர்களில் ஆபிரகாம் உல்ரிகாப் எழுதப் படிக்கத் தெரிந்தவர். நாட்குறிப்பு எழுதினார். பார்க்க வந்த கூட்டத்தின் இரைச்சலும் ஊர் ஏக்கமும் அதில் இருக்கின்றன. அவர்களுக்கு உரிய நேரத்தில் அம்மை குத்தவில்லை. 1881 ஜனவரிக்குள் எட்டுப் பேரும் பெரியம்மையில் இறந்துபோனார்கள், குழந்தைகள் உட்பட. ஆபிரகாமின் எலும்புக்கூடு பாரிஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது.

பார்க்கிறவரும் பார்க்கப்படுகிறவரும் ஒரே மைதானத்தில்தான் நின்றார்கள். அங்கேயும் நடுவில் ஓர் அகழி இருந்தது. கூட்டத்துக்கு அது தெரியவில்லை, ஆபிரகாமுக்குத் தெரிந்திருந்தது.

காட்சி யாருக்காக என்ற கேள்வியை விலங்கின் பக்கம் நின்று கேட்டவர் ஹெய்னி ஹெடிகர். சுவிட்சர்லாந்தின் பெர்ன், பாசல், சூரிச் ஜூக்களை நடத்தியவர். 1942-இல் வெளியான நூலில், ஒவ்வொரு விலங்குக்கும் தப்பி ஓடத் தொடங்கும் ஒரு தூரம் உண்டு, அந்தத் தூரத்தைக் கொடுக்காத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சிறைதான் என்கிற பார்வையை முன்வைத்தார். கம்பியா அகழியா என்பதல்ல பிரச்சினை, உள்ளே விலங்கு எப்படி வாழ்கிறது என்பதே.

அதற்குப் பிறகுதான் நிஜமாகவே சேர்த்து வைக்கும் சோதனைகள் பெரிதாயின. 1972-இல் திறந்த சான் டியாகோ வனவிலங்குப் பூங்கா 1,800 ஏக்கர். ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், மான் வகைகள் எல்லாம் ஒரே பரந்த வெளியில். ஆனால் இடம் மட்டும் போதாது. வில்டபீஸ்ட் சுமக்கும் ஒரு வைரஸ் அதற்கு எந்தத் தொந்தரவும் தராது, பக்கத்தில் மேயும் மாட்டினத்தையும் மானினத்தையும் கொன்றுவிடும். அணில் குரங்குக்கு வாய்ப்புண் அளவுக்கு வந்துபோகும் ஹெர்பிஸ் வகை, சின்னஞ்சிறு மார்மோசெட்டுக்கு எமன். ஆண் வரிக்குதிரை சில சமயம் பிற இனக் குட்டிகளைக் கடித்தும் உதைத்தும் கொன்றுவிடும். புகைப்படத்தில் இது எதுவும் தெரியாது. எல்லாம் சாந்தமாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கும்.

சரியாக அமைந்தால் வேறு மாதிரி. சிங்கப்பூர் ஜூவில் ஹமட்ரையாஸ் பபூன்களும் நூபிய ஐபெக்ஸ் ஆடுகளும் ஒரே பாறைச்சரிவில் வாழ்கின்றன. எத்தியோப்பிய மேட்டுநிலமே அங்கே மாதிரி. பெல்ஜியத்தின் பைரி டைசாவில் உராங்குட்டான்களின் தீவை ஒட்டி ஓடும் ஓடையில் நீர்நாய்கள். அவை கரையேறி வந்து உராங்குட்டான்களோடு விளையாடிய படங்கள் 2020-இல் இணையம் முழுக்கச் சுற்றின. அங்கே நீர்நாய்க்குப் பிடிக்கவில்லை என்றால் தண்ணீருக்குள் இறங்கிவிடலாம். உராங்குட்டானுக்கு அலுத்தால் மேலே ஏறிவிடலாம். விலகிப்போக வழி இருந்ததால்தான் சேர்ந்து விளையாட முடிந்தது.

ஹாகன்பெக்கின் அகழி நம் பக்கமும் வந்தது. கார்லின் மாற்றாந்தாய் வழித் தம்பி ஜான் ஹாகன்பெக் கொழும்பில் தொடங்கிய விலங்குத் தோட்டம்தான், 1936-இல் அவருடைய கம்பெனி மூடப்பட்ட பிறகு அரசு கைக்குப் போய், இன்றைய தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை ஆனது. சென்னையில் 1855-இல் தொடங்கிய பழைய ஜூ 1985-இல் வண்டலூருக்கு இடம்பெயர்ந்தபோது, கூண்டுகள் போய் அகழிகள் வந்தன.

அடுத்த முறை அங்கே போகும்போது, ஒரே அடைப்பில் இரண்டு வகை விலங்குகள் நின்றால் செல்ஃபிக்கு முன்னால் ஒரு நிமிடம் தேடிப்பாருங்கள். சின்னது நுழையக்கூடிய, பெரியது நுழைய முடியாத ஒரு சந்து எங்காவது இருக்கா? தீனித்தொட்டி ஒன்றா, இரண்டா? வலியதின் கண்ணில் படாமல் போய்ப் படுக்க ஒரு மறைப்பு இருக்கா? அதெல்லாம் இருந்தால் நல்லபடியாகக் கட்டியிருக்கிறார்கள். இல்லையென்றால், அது நமக்காக மாட்டப்பட்ட படம்.