தோட்டாவுக்கும் பொருத்தம் பார்க்கணும்!

ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு அட்டை. அதன் நடுவில், பத்து பாயின்ட் தரும் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் சைஸ்! அதைக் குறிபார்க்கும் தோட்டாதான் .22 லாங் ரைஃபிள். அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி 1887-ல் கொண்டுவந்தது.

இந்த 'ரிம்ஃபயர்' தோட்டாவில் ஒரு சங்கடம். பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கிறது. பெரிய ரைஃபிள்காரர்கள் போல, காலிக் கூட்டில் வீட்டிலேயே மருந்தை அளந்து நிரப்பிப் பதம் பார்க்க முடியாது. ஃபேக்டரி கொடுத்ததுதான்.

அதனால் வேறு வழி பிடித்தார்கள். துப்பாக்கியை அசையாமல் இறுக்கிவிட்டு, ஒவ்வொரு 'லாட்' தோட்டாவாகச் சுட்டுப் பார்ப்பது. எந்த லாட் நெருக்கமாக விழுகிறதோ, அதையே மொத்தமாக வாங்கிக்கொள்வது. ஒரு குழாய்க்குப் பிடித்த லாட் இன்னொரு குழாய்க்குப் பிடிக்காது. ஜாதகப் பொருத்தம் மாதிரிதான்!

2004-ல், ஒலிம்பிக் தேர்வுக்கு முன்பு, அமெரிக்க வீரர் மாட் எம்மன்ஸின் துப்பாக்கியை யாரோ பாழாக்கிவிட்டார்கள். அவ்வளவு பொருத்தமும் போச்சு! மனுஷன் கலங்கவில்லை. இரவல் துப்பாக்கியோடு ஏதென்ஸ் போய், படுத்துச் சுடும் போட்டியில் தங்கமே வாங்கிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மூன்று நிலைப் போட்டி. ஒரே ஒரு குண்டு பாக்கி. முதலிடத்தில் அவர்தான். சுமாராகச் சுட்டாலே இன்னொரு தங்கம். சுட்டார், பட்டது. ஆனால், பக்கத்து ஆளின் அட்டையில்! மார்க் பூஜ்யம், எட்டாவது இடம்.

அன்று ஆறுதல் சொல்ல வந்தவர், செக் வீராங்கனை கேத்தரீனா. 2007-ல் இருவருக்கும் கல்யாணம். அந்தப் பொருத்தம் மட்டும் தப்பவில்லை!