செவிலியர் ஏன் இவற்றைக் கேட்கிறார்? பண்பாடு, ஆன்மிகம், சமூகச் சூழல் சார்ந்த செவிலிய மதிப்பீடு

மருத்துவமனையில் சேரும்போது செவிலியர் உங்கள் உடல் வெப்பநிலை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளவிடுவார். அத்துடன், நீங்கள் விரதம் இருக்கும் வழக்கம் உடையவரா, வீட்டில் சிகிச்சை பற்றி முடிவெடுப்பவர் யார், எந்த நேரத்தில் வேலைக்குச் செல்கிறீர்கள் என்பன போன்ற கேள்விகளையும் கேட்கக்கூடும். நோய்க்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் பலருக்கு எழுவது இயல்பே. இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே, மருத்துவர் எழுதித் தரும் மருந்து உங்கள் வீட்டில் உண்மையில் உட்கொள்ளப்படுமா என்பது பல நேரங்களில் முடிவாகிறது. இதனைப் பள்ளிபாளையம் பகுதியின் வாழ்க்கைச் சூழலைக் கொண்டு இப்பக்கம் விளக்குகிறது.

மதிப்பீடு என்றால் என்ன?

நோயாளியை முழு மனிதராக அறிந்துகொள்வதற்காகச் செவிலியர் முறைப்படி தகவல் திரட்டுவதே மதிப்பீடு ஆகும். இதில் மூன்று பகுதிகள் உள்ளன.

பண்பாட்டு மதிப்பீடு: மொழி, உணவுப் பழக்கம், பத்தியம், நோய் குறித்த நம்பிக்கை, வீட்டு வைத்தியம், குடும்பத்தில் முடிவெடுக்கும் முறை.

ஆன்மிக மதிப்பீடு: துன்பத்தைத் தாங்க உங்களுக்கு வலிமை தருவது எது, வழிபாட்டுத் தேவைகள் யாவை, நோயால் ஏற்பட்ட மனக்கலக்கம் என்ன என்பன. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இப்பகுதி பொருந்தும்.

சமூக மதிப்பீடு: தொழில், வருமானம், கடன், குடிநீர், குடியிருப்பு, துணையாக இருப்போர், மருத்துவமனைக்கு வந்து செல்லும் வசதி.

அமெரிக்கச் செவிலியர் மேடலின் லைனிங்கர் 1950-களிலிருந்து வளர்த்தெடுத்த பண்பாட்டுச் செவிலியம் இம்முறைக்கு அடித்தளமாக அமைந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலி உடல் சார்ந்தது மட்டுமன்று, மனம், சமூகம், ஆன்மிகம் ஆகியவற்றையும் சார்ந்தது என்று விளக்கினார். நலவாழ்வுத் திட்டங்களில் மக்களின் பங்கேற்பு இன்றியமையாதது என 1978-ஆம் ஆண்டு அல்மா-அடா பிரகடனம் வலியுறுத்தியது.

பள்ளிபாளையத்தில் இதன் தேவை

நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில், ஈரோட்டுக்கு எதிரே அமைந்துள்ள பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலைச் சார்ந்த ஊர். இங்குள்ள பலருடைய நாள் ஷிப்டைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. இரவு முழுவதும் தறி ஓட்டிவிட்டுக் காலையில் உறங்கும் ஒருவரிடம், மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் சாப்பிடவும் என்று மட்டும் சொன்னால், அவர் அதை எப்போது சாப்பிடுவார்? நீரிழிவு மாத்திரையையும் இன்சுலினையும் உணவு நேரத்தோடு பொருத்தாவிட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். ஆகவே உங்கள் ஷிப்டு நேரத்தைத் தயங்காமல் கூறுங்கள். மருந்து நேரத்தை அதற்கேற்ப மாற்றியமைக்க இயலும்.

பல ஆண்டுகள் தறிச் சத்தத்தில் பணியாற்றியவர்களுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். கூச்சத்தால் அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையசைப்பதுண்டு. தலையசைத்ததைப் புரிந்துகொண்டதாகக் கருதாமல், “நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள்” என்று செவிலியர் கேட்பது இதனால்தான். இது உங்களைச் சோதிக்கும் கேள்வியன்று. செவிலியர் தமது விளக்கம் சரியாக வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்கும் வழி.

பஞ்சுத் தூசியால் ஏற்படும் நுரையீரல் நோயில், விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சிறுக்கம் கூடுதலாக இருக்கும். எந்த நாளில் மூச்சுத்திணறல் அதிகம் என்ற கேள்விக்கு நீங்கள் தரும் விடை நோயறிதலுக்கு உதவும். எனினும், இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் தூசியே காரணம் என்று இருந்துவிடாமல் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குத் தமிழ் ஓரளவே புரியக்கூடும். மொழிபெயர்க்க முதலாளியையோ மேற்பார்வையாளரையோ குழந்தையையோ அமர்த்துவது முறையன்று. அவர்கள் முன்னிலையில் நோயாளி பல உண்மைகளைக் கூறமாட்டார்.

வழக்கங்கள்: தொடர்வதா, பொருத்துவதா, மாற்றுவதா?

ஒரு வழக்கத்தை அறிந்ததும் செவிலியர் எடுக்கக்கூடிய முடிவுகளை லைனிங்கர் மூன்றாக வகுத்தார்: நன்மை தருவதையும் தீங்கற்றதையும் அப்படியே தொடரவிடுதல், மாற்றம் தேவைப்படுவதைப் பேசிப் பொருத்துதல், தீங்கு தருவதை நோயாளியின் இசைவோடு மாற்றியமைத்தல்.

தொடரலாம்: வீட்டில் ஒருவருக்குச் சின்னம்மை கண்டால், மாரியம்மன் வந்திருப்பதாகக் கருதி வேப்பிலை வைப்பதும், வெளியாரை உள்ளே விடாதிருப்பதும் இப்பகுதியின் வழக்கம். வேப்பிலை வைப்பதால் தீங்கில்லை. வெளியாரைத் தவிர்ப்பது நோய் பரவுவதைக் குறைக்கிறது. கொப்புளங்கள் அனைத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை இது தேவை. ஆயினும் மருத்துவரிடம் காட்டினால் தெய்வக்குற்றம் ஆகும் என்ற அச்சம் வேண்டாம். பெரியவர்களுக்குக் கொப்புளம் தோன்றிய முதல் நாளிலேயே மருந்து தொடங்கினால் பயன் அதிகம். கர்ப்பிணிகளும் பச்சிளங்குழந்தைகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரும் உடனே வரவேண்டும். மூச்சுத்திணறல், மனக்குழப்பம், ஓயாத வாந்தி ஆகியவை ஆபத்து அறிகுறிகள். சின்னம்மை கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

பொருத்தலாம்: நோன்பு, விரதம், பழனி பாதயாத்திரை, குண்டம் இறங்குதல் ஆகியவற்றை மேற்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மருத்துவர் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார். விரதம் பாதுகாப்பற்ற நிலையில் உள்ளவர்களுக்கு அதனையும் விளக்குவார். விரதத்தின்போது இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300 மில்லிகிராமுக்கு மேலே ஏறினாலோ விரதத்தை உடனே முடித்துக்கொள்ள வேண்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு நெருப்புச் சுடுவதோ கல் குத்துவதோ தெரியாது. புண் ஆறாமல் காலையே இழக்க நேரிடலாம். அத்தகையோர் குண்டம் இறங்குதலையும் வெறுங்கால் நடைப்பயணத்தையும் தவிர்த்து, வேண்டுதலை வேறு முறையில் நிறைவேற்றலாம். இதைப் பற்றிப் பூசாரியிடமோ வீட்டுப் பெரியவரிடமோ கலந்து பேசுங்கள்.

மாற்ற வேண்டும்: பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பதாகச் சர்க்கரைத் தண்ணீர் அல்லது தேன் தொட்டு வைப்பதும், கழுதைப்பால் புகட்டுவதும் கைவிடப்பட வேண்டியவை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கடுமையான நச்சுத்தொற்றை உண்டாக்கக்கூடும். சேனை வைக்கும் பெரியவரின் நல்ல குணம் குழந்தைக்கு வரவேண்டும் என்பதே இவ்வழக்கத்தின் நோக்கம். அதற்கு அவர் குழந்தையைக் கையில் வாங்கி வாழ்த்தினால் போதும். குழந்தையின் முதல் சுவை தாயின் சீம்பாலாகவே இருக்கட்டும். அதுபோலவே, பிரசவித்த பெண்ணுக்குத் தண்ணீர் குறைவாகக் கொடுக்கும் பத்தியமும் தேவையற்றது.

ஆன்மிகத் தேவைகள்

“என்ன பாவம் செய்தேனோ, எனக்கு இந்த நோய் வந்தது” என்று நோயாளி கூறுவது ஓர் அறிகுறி. அதைக் காதில் வாங்காமல் கடந்துபோகவும் கூடாது. அறிவுரை கூறி வாயடைக்கவும் கூடாது. செவிலியர் அருகில் அமர்ந்து கேட்பார். நீங்கள் விரும்பினால் குருக்கள், இமாம், பாதிரியார் எவரையும் சந்திக்க ஏற்பாடு செய்யலாம். தம் மத நம்பிக்கையை நோயாளியிடம் புகுத்தவோ, நோயாளியின் நம்பிக்கையை இழிவுபடுத்தவோ செவிலியருக்கு உரிமை இல்லை.

பெயரையோ நெற்றியையோ பார்த்து நம்பிக்கையை முடிவு செய்வதும் தவறு. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஈரோடு, பெரியார் பிறந்த ஊர். வழிபாட்டில் ஈடுபாடு இல்லாத குடும்பங்களும் இப்பகுதியில் உண்டு. அவர்களுக்கு ஆறுதல் தருவது பேரக்குழந்தையாகவோ பாட்டாகவோ நண்பராகவோ இருக்கலாம். எனவே ஊகிப்பதைக் காட்டிலும் கேட்பதே சரியான முறை.

நம்பிக்கை சிகிச்சைக்கு மாற்றாகும்போது ஏற்படும் கேட்டினைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் பாதிக்கப்பட்டோர் தங்கவைக்கப்பட்டிருந்த காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் உயிரிழந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பிக்க இயலவில்லை. மனநலம் பாதிக்கப்பட்டவரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. உங்கள் குடும்பத்தில் ஒருவரை வேண்டுதலுக்காக வழிபாட்டுத் தலத்துக்கு அழைத்துச் சென்றால், செவிலியரிடம் மறைக்க வேண்டாம். பிரார்த்தனை தொடரலாம், மருந்து மட்டும் ஒரு வேளையும் தவறக் கூடாது.

கடன், வறுமை, மறைக்கப்படும் தழும்பு

சமூக மதிப்பீட்டின் முக்கியத்துவத்தை இப்பகுதியில் நடந்த ஒரு நிகழ்வு உணர்த்துகிறது. பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்களின் கடன் நெருக்கடியைப் பயன்படுத்தி, இடைத்தரகர்கள் அவர்களைச் சிறுநீரகம் விற்கத் தூண்டியதாக 2025 ஜூலையில் செய்திகள் வெளியாயின. அரசு விசாரணை மேற்கொண்டது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்புகள் மாற்றுச் சட்டப்படி, பணத்துக்காக உறுப்பு கொடுப்பதும் வாங்குவதும் தரகு செய்வதும் குற்றமாகும்.

மருத்துவ நோக்கில் இதில் மற்றோர் ஆபத்தும் உள்ளது. சிறுநீரகம் எடுக்கப்பட்ட ஒருவர், வெளியே தெரிந்தால் என்ன ஆகுமோ என்று அஞ்சித் தழும்பை மறைக்கிறார். தறிக்கூடத்தில் நின்றே வேலை செய்வதால் வரும் உடல்வலிக்கு டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்குகிறார். அவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே சிறுநீரகத்தையும் அம்மாத்திரைகள் பழுதாக்கக்கூடும். இடுப்புப் பக்கத் தழும்பைப் பற்றிச் செவிலியர் தனியறையில், குற்றஞ்சாட்டாத குரலில் கேட்டிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.

உங்களுக்கு ஒரு சிறுநீரகம் மட்டுமே இருந்தால், காரணம் எதுவாயினும் அதனை மருத்துவரிடமும் செவிலியரிடமும் கூறுங்கள். இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வேலையிடத்தில் போதிய தண்ணீர் அருந்துங்கள். மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரை உட்கொள்ளாதீர்கள்.

கடன் நெருக்கடியால் மருந்து வாங்க இயலவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்துகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளும், இயன்முறைச் சிகிச்சையும், வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன.

செவிலியர் கேட்கக்கூடிய கேள்விகள்

• உங்களை எப்படி அழைக்கலாம்? எந்த மொழியில் பேசுவது உங்களுக்கு எளிது?
• இந்நோய் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? இதனால் உங்களுக்கு மிகுந்த அச்சம் தருவது எது?
• இங்கு வருவதற்கு முன் என்ன மருந்து அல்லது வைத்தியம் செய்தீர்கள்?
• உண்ணக் கூடாதவை, விரத நாட்கள், ஏற்க இயலாத சிகிச்சை ஏதேனும் உண்டா?
• சிகிச்சை பற்றி முடிவெடுக்கும்போது யார் உடனிருக்க வேண்டும்?
• துன்ப நேரத்தில் உங்களுக்குத் தைரியம் தருவது எது?
• வீட்டில் உங்களைக் கவனித்துக்கொள்பவர் யார்? வேலைக்குச் செல்லாவிட்டால் வருமானத்துக்கு என்ன வழி?

உங்கள் உரிமைகள்

விருப்பமில்லாத கேள்விக்கு விடை கூறாமல் இருக்கலாம். அதனால் சிகிச்சை மறுக்கப்படாது. தனியே பேச வேண்டும் என்று கேட்கலாம். குடும்பப் பெரியவர் முடிவெடுக்கும் வீடுகளிலும், மனத்தெளிவுடன் உள்ள வயதுவந்த நோயாளியின் இசைவே முதன்மையானது. நீங்கள் தரும் தகவல் சிகிச்சைக் குழுவினருக்கு மட்டுமே உரியது. குழந்தை மீதான பாலியல் வன்கொடுமை போல, சட்டம் தெரிவிக்கக் கட்டாயப்படுத்தும் நிலைகள் இதற்கு விலக்கு. எச்.ஐ.வி. நிலையை நோயாளியின் ஒப்புதலின்றி வெளியிடுவதற்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது.

உதவிக்கு

அவசர ஊர்தி: 108
மருத்துவ ஆலோசனை: 104
மனநல ஆலோசனை: 14416

அடுத்த முறை செவிலியர் உங்கள் வீட்டையும் வேலையையும் வழிபாட்டையும் பற்றிக் கேட்டால், தெரிந்ததைத் தெரிந்தபடி கூறுங்கள். மறைத்த ஒரு செய்தி சரியான மருந்தையும் தவறாக்கிவிடக்கூடும். பத்தியமோ கடனோ தழும்போ, அதனைக் கேட்டு உங்களை எடைபோடுவது செவிலியரின் பணியன்று. உங்களுக்குப் பொருந்தும் சிகிச்சையைத் திட்டமிடுவதே அவர் பணி.