மடை திறந்தவருக்கு வாக்கு இல்லை

கோடை வந்தாலே குடிமராமத்துப் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. முன்னோர்கள் ஊர்கூடி ஏரிகளையும் கண்மாய்களையும் காத்தார்கள், வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்பதே நமக்குச் சொல்லப்படும் கதை. அந்த 'ஊர்' என்பதில் யார் யார் இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியே வழியும் நீர் அடுத்த கண்மாய்க்குப் போய்ச் சேரும். ஆண்டில் சில மாதங்களே மழை காணும் மண்ணுக்கு ஏற்ற ஏற்பாடு இது. தென்மாவட்டங்களில் இதை அன்றாடம் நடத்தியவர் நீர்க்கட்டி. நீர்பாய்ச்சி, மடையர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பெரும்பாலும் தலித்துகள்.

மழைக்காலத்தில் இரவில் கரையில் நடந்து கசிவு பார்ப்பதும், மடையைத் திறந்து மூடுவதும் அவர் வேலை. தண்ணீர் குறைந்தால் முறை வைத்து, இத்தனை நேரம் இந்த வயலுக்கு என்று பங்கிட்டுக் கடைமடை வரை கொண்டுபோனார். கூலி, அறுவடையில் களத்தில் அளக்கும் நெல்.

ஊர் அவரை ஏன் நம்பியது? அவருக்கு அந்த ஆயக்கட்டில் நிலம் கிடையாது, அதனால் ஓரவஞ்சனை செய்யமாட்டார் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நிலமின்மையைத் தகுதியாக்கிய ஏற்பாட்டை நாம் நீதி என்று கொண்டாட முடியாது.

ஊர் உழைப்பு என்று புகழப்படுவதில் பண்ணையாட்களின் கட்டாய உழைப்பும் கலந்தே இருந்தது. 1858இல் சென்னை மாகாணத்தில் வந்த கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்தில் வேலைக்கு வர மறுப்பவர்களைத் தண்டிக்க வழிசெய்தது. வெள்ளை அரசும் பழைய ஏற்பாட்டின் கட்டாயத்தை விட்டுவிடவில்லை.

வயலுக்கு நீர் பாய்ச்சியவர்களுக்குப் பொதுக் கிணற்றில் நீர் எடுக்க உரிமை இல்லை. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் பொதுச் சாலை, கிணறு, குளங்களை எல்லோருக்கும் திறக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். சாதி இந்துக்கள் அந்தக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு பத்தாண்டு நடந்து, 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது.

குடிக்கும் நீருக்கான உரிமை சட்டத்தில் வந்துவிட்டது. நீரை நிர்வகிக்கும் உரிமை? 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம், ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களையே நீரைப் பயன்படுத்துவோர் சங்க உறுப்பினர்களாகக் கொள்கிறது. நிலமற்ற நீர்க்கட்டி மடையைத் திறக்கலாம். எப்போது திறப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவருக்கு வாக்கு இல்லை. 2017இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கியபோதும், பணிகளை ஆயக்கட்டுதாரர்களைக் கொண்டே செய்வதாக அரசு சொன்னது.

கண்மாய் வயலுக்கு மட்டும் உரியதல்ல. ஆடு மாடு குடிப்பதும், மீன் பிடிப்பதும், நிலத்தடி நீர் ஊறுவதும் அதனால்தான். வறட்சியில் அது வற்றினால் நிலமற்றவர்களின் பிழைப்பும் சேர்ந்தே வற்றுகிறது. எனவே உறுப்பினர் தகுதியிலிருந்து நில நிபந்தனை நீங்க வேண்டும். நீர்க்கட்டிப் பணி சாதி வழி வராமல், மாதச் சம்பளத்தோடு எவரும் விண்ணப்பிக்கும் பணியாக வேண்டும்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பாசனச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் நம் தெருக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, அடுத்த கிராமசபையில் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.